ஹேராவின் ஐந்தாவது விரல்

எங்கள் கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஐந்து காபி வேண்டுமென்றால் கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். முதல் வருடம் ஒரு டச்சுக்காரர் அப்படி நீட்டியதும் என் கணவர் லிகூர்கோஸ் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். பாவம், அந்த மனிதர் காபியும் வேண்டாம், கிரேக்க நாடும் வேண்டாம் என்று பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஆட்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. இங்கே ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை ஒருவன் மூஞ்சிக்கு நேரே காட்டி, "இந்தா!" என்றால், அவனையும் அவன் பரம்பரையையும் சாணியில் முக்கி எடுத்ததாக அர்த்தம். ஐவிரல் காட்டுவது என்போம். அதனால் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள், சம்பந்திகள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். கார் ஓட்டுகிற எவரும் ஒரு நாளைக்கு ஒன்றாவது வாங்காமலோ கொடுக்காமலோ வீடு திரும்புவதில்லை. நான் மட்டும் பழகிக்கொண்டேன். வெளிநாட்டுக்காரன் விரித்தால் காபி, உள்ளூர்க்காரன் விரித்தால் சண்டை. கடை நடத்துகிறவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் கட்டுப்படியாகாது.

என் பெயர் கரிஃபாலியா. கீழ்மிலியாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். எதிர்மலை உச்சியில் இடிந்து நிற்கும் பழங்கால ஹேரா கோயிலுக்குப் போகிற பஸ்கள் எங்கள் ஊருக்குள் நுழைந்து, பள்ளத்தாக்கைச் சுற்றி, மேல்மிலியாவைத் தாண்டித்தான் மலை ஏற வேண்டும். வேறு வழி கிடையாது. போகும்போது மூத்திரத்துக்கு நிற்பார்கள், திரும்பும்போது பசிக்கு நிற்பார்கள். அந்த இரண்டு நிறுத்தத்தில்தான் என் குடும்பமே நின்றுகொண்டிருந்தது.

கோயிலுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களை ஏதென்ஸ் வரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்க் கல் காட்டினார்கள்; வழியெல்லாம் வாந்தி எடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கல்லைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் கோயில் இருப்பது மேல்மிலியா எல்லையில். மேல்மிலியாக்காரன் நிலத்தில் கால் வைப்பதைவிடக் கால் இல்லாமல் இருப்பது மேல் என்று சொல்கிற ஊர் எங்களுடையது. என்ன பகை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சமாதானம் ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான்கு தூண்கள் நின்றுகொண்டிருந்த வரை ஒரு குழப்பமும் இல்லை. போன வருடம் ஏதென்ஸிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள், கிரேன் வந்தது, சாரம் கட்டினார்கள். விழுந்து கிடந்த ஐந்தாவது தூணை எடுத்து நிறுத்தப்போகிறோம் என்றார்கள். பாதித் தூணுக்குத்தான் கல் கிடைத்தது. மீதி எங்கே என்று கேட்காதீர்கள். மேல்மிலியாவில் வாசற்படிகள் மிக அழகாக இருக்கும்.

வசந்த காலத்தில் ஒருநாள் காலை சாரத்தைப் பிரித்தார்கள். லிகூர்கோஸ் கடை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஃபாலியா! எல்லாத்தயும் போட்டுட்டு வெளிய வாடி!"

"என்னய்யா, தீப்பிடிச்சிருச்சா?"

"தீ பிடிச்சா பரவால்லயே. அங்க பாரு. எண்ணு."

எண்ணினேன். நான்கு தூண்கள் நெடுநெடுவென்று. ஐந்தாவது ஓரமாக, பாதி உயரத்தில், கொஞ்சம் விலகி. அதற்குப் பின்னால் வெறும் வானம். அது ஒரு கை. நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும். எங்கள் ஊரைப் பார்த்து விரித்த கை.

"கல்லுதானய்யா அது," என்றேன்.

"கல்லுன்னா இன்னும் மோசம்டி. மனுஷன் காட்டினா கை வலிச்சா இறக்கிருவான். இது இன்னும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு அப்படியே நிக்கும்."

லிகூர்கோஸ் எங்கள் ஊர்த் தலைவர். தலைவர் என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று திட்டு வாங்குகிற வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. அன்று சாயங்காலமே காபிக்கடையில் கூட்டம். பாதிரியார்கூட வந்து, சிலைவழிபாட்டுக்காரர்களின் கோயில் கிறிஸ்தவ ஊருக்கு ஐவிரல் காட்டுவதில் தனக்கு வியப்பில்லை என்றார். கலாச்சார அமைச்சகத்துக்கு லிகூர்கோஸ் போன் போட்டார். எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

"அந்தக் கட்டவிரல இறக்குங்க. இறக்கலன்னா திறப்புவிழா அன்னிக்கு என் டிராக்டர ரோட்டுக்குக் குறுக்க போடுவேன். ஒரு பஸ்ஸு, ஒரு அமைச்சரு, ஒரு கழுதை தாண்டாது. அன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்குமே!"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. திறப்புவிழாச் சாப்பாடு எங்கள் கடையில்தான் என்று ஏற்பாடாகியிருந்தது. ஆட்டுக்குட்டிகளுக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. அதுகூடப் போகட்டும், பஸ்ஸை மறித்தால் அடுத்த நாள் யாருக்குச் சமைப்பேன்? இந்த மனிதருக்கா? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பஸ்ஸ மறிச்சா நமக்கு சோறு போடறது யாரு? ஹேராவா?"

"மானம்டி, மானம்."

"மானத்த அடுப்புல வெச்சா கொதிக்குமா? ஒண்ணு சொல்றேன் கேளு. நீ அந்தக் கோயில கிட்டத்துல பாத்ததே இல்ல. ஒரு தடவ போய்க் கண்ணால பாத்துட்டு வருவோம். அங்கேருந்து பாத்தா நம்ம ஊரு பக்கம் திரும்பியே இருக்காதோ என்னவோ. பாத்துட்டு அப்புறம் மறி. நானே டிராக்டருக்கு டீசல் ஊத்தறேன்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: மேல்மிலியாக்காரர்கள் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது. ஆகவே சுற்றுலாப் பயணிகளாகப் போனோம். அவர் அரைக்கால் சட்டை போட்டு, செருப்புக்குள் வெள்ளைக் காலுறை மாட்டி, கறுப்புக் கண்ணாடியும் வைக்கோல் தொப்பியுமாக வந்து நின்றபோது எங்கள் நாயே குரைத்தது. கழுத்தில் மருமகனின் கேமரா. அதில் பேட்டரி இல்லை. பெல்ஜியக் கிழவர்கள் நிறைந்த ஒரு பஸ்ஸில் டிரைவர் எங்களுக்குக் கடைசி இருக்கையைக் கொடுத்தார். மேல்மிலியா தெருவில் போகும்போது லிகூர்கோஸ் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தார்.

மலைமேல் டிக்கெட் கூண்டில் இருந்தவள் மெல்ப்போ. என் சித்தி மகள். மேல்மிலியாவில் கட்டிக்கொடுத்ததால் எங்கள் ஊருக்கு அவள் செத்தவள் மாதிரி. டிக்கெட் கொடுப்பது, கல்லைத் தொட்டால் விசில் ஊதுவது, பூனைகளுக்குச் சோறு வைப்பது எல்லாம் அவள்தான். லிகூர்கோஸ் குரலை மாற்றி, "டூ டிக்கெட், ப்ளீஸ்," என்றார்.

மெல்ப்போ நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க லிகூர்கோஸ் அத்தான். முட்டி ரெண்டும் நல்லா வெள்ளையா இருக்கு. வெயில் படாம பாத்துக்கங்க. அக்கா, நல்லாருக்கியா? முதியோருன்னா பாதி டிக்கெட். அத்தானுக்கு வயசு ஆயிருச்சா?"

"முழு டிக்கெட்டே குடு," என்றார் அத்தான்.

மேலே நல்ல காற்று. காய்ந்த புல், காட்டுத் துளசி வாசனை, கயிறு கட்டிய வழி, தொடாதே என்று நான்கு மொழிகளில் பலகை. ஊர் மேய்கிற தேவராஜனைப் புருஷனாகக் கட்டிக்கொண்ட ஹேராவுக்கு எதற்கு இவ்வளவு உயரத்தில் கோயில் என்று எனக்கு அங்கே போனதும் புரிந்துவிட்டது. புருஷன் எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று எல்லாத் திசையிலும் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பெல்ஜியக் கிழவர்கள் தூணைப் பார்க்காமல், தூணைப் பற்றி எழுதியிருந்த பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள், "பெருசுன்னு சொன்னாங்களே," என்கிற முகத்தோடு கல்லில் உட்காரப்போனாள். மெல்ப்போவின் விசில் அவளைப் பாதியிலேயே நிமிர்த்தியது.

நான் ஓரமாகப் போய்க் கீழே பார்த்தேன். எங்கள் ஊர். ஒரு தீப்பெட்டி அளவு சதுக்கம், அதன் பக்கத்தில் சிவப்புக் கூரை, அது என் கடை. அந்தப் பொட்டுக் கூரைக்குக் கீழேதான் முப்பது வருடம் கத்தரிக்காய் வதக்கியிருக்கிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். அந்தக் கூரை எனக்கு வேண்டும். எந்தத் தூணுக்காகவும், எவனுடைய மானத்துக்காகவும் அதை விடக்கூடாது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

லிகூர்கோஸ் அதற்குள் தூண்களுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். கட்டைவிரல்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, தன் வலது கையை விரித்து, எங்கள் ஊர் பக்கம் உள்ளங்கையைத் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடித்தார். மெல்ப்போ பலமாக விசில் ஊதினாள். "அத்தான்! கோயில்ல நின்னுட்டு என்ன அசிங்கம் இது!"

ஆனால் பெல்ஜியக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். வழியில் ஏறிய உள்ளூர் மனிதர் ஒருவர் பயபக்தியோடு, கண்ணை மூடி, கையை விரித்துத் தூக்குகிறார். இது ஏதோ பழங்கால வழிபாடு. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்று கையை விரித்தார். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் மொத்த பஸ்ஸும். வரிசையாக நின்று, புன்னகையோடு, காற்றில் வெள்ளை முடி பறக்க, கீழ்மிலியாவுக்கு ஐவிரல் காட்டினார்கள். சிலர் பக்தி அதிகமாகி இரண்டு கையாலும் காட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார். எங்கள் ஊரின் மொத்தச் சரித்திரத்தில் ஒரே சமயத்தில் இத்தனை ஐவிரல் அது வாங்கியதில்லை. அதுவும் அதன் தலைவரே முன்னால் நின்று தொடங்கிவைத்து!

லிகூர்கோஸ் கையைச் சட்டென்று இறக்கி அரைக்கால் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். முகம் தக்காளியாகிவிட்டது.

"பாத்தியா, பாத்தியா? இந்தத் தூணு வந்ததால வந்த வினை! வெளிநாட்டுக்காரன்கூட நம்ம ஊருக்குக் காட்டறான்!"

"நீதானய்யா சொல்லிக்குடுத்த!"

மெல்ப்போ எங்களிடம் வந்தாள். "இந்த ஒரு தூணுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்களே அத்தான். நாங்க இருபது வருஷமா தெனம் காலைல காபியோட சேத்து முழுங்கறோமே, நாங்க என்ன செய்யறது?"

"எத முழுங்கறீங்க?"

"உங்க கடைக்குப் பின்னாடி பாருங்க."

பார்த்தோம். கடைக்குப் பின்னால், காற்றைத் தடுக்க லிகூர்கோஸ் நட்டுவைத்த, தூண்போல் ஒல்லியாக வளர்கிற ஐந்து சைப்ரஸ் மரங்கள். நான்கு நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டன. ஓரத்து மரத்தை மட்டும் கன்றாக இருந்தபோது ஆடு கடித்துவிட்டது. அது பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. கீழே இருந்து பார்த்தால் வெறும் மரங்கள். மேலே இருந்து பார்த்தால், கரும்பச்சையில், பளிச்சென்று, ஒரு கை. அந்தக் கோயில் கையைவிட லட்சணமான கை. மேல்மிலியாவைப் பார்த்து விரித்த கை.

"எங்க தலைவர் சராந்திஸ் அதப் பாத்துப் பாத்தே ரத்தக் கொதிப்பு வாங்கிக்கிட்டாரு," என்றாள் மெல்ப்போ. "அந்த நிபுணர் பையன் மூணு மாசம் அவர் வீட்லதான் சாப்டான். எந்தத் தூண நிறுத்தறதுன்னு அவனுக்கே முடிவாகல. சராந்திஸ்தான் ஒயினா ஊத்தி ஊத்தி, 'அந்த ஓரத்துத் தூணு அழகா இருக்கும் தம்பி, அந்த ஓரத்துத் தூணு'ன்னு முடிச்சாரு. இப்ப அவரும் அமைச்சகத்துக்குப் போன் போட்டுட்டாரு. உங்க மரத்த வெட்டலன்னா எங்க ஊரு ரோட்ட மறிப்பாராம்."

நான் லிகூர்கோஸைப் பார்த்தேன். போச்சு, இப்போதே கீழே ஓடி டிராக்டரைக் கிளப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் மரங்களைப் பார்த்தார். அப்புறம் உதடு மெல்ல விரிந்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"இருபது வருஷமா?" என்றார்.

"இருபது வருஷமா."

"தெனமும்?"

"மழைநாள்லகூட."

"அவன் காட்டி எத்தன நாளு ஆச்சு? ரெண்டு மாசம்." விரல் விட்டு எண்ணினார். "ஃபாலியா, நாம எவ்வளவோ முன்னாடி இருக்கோம்டி!"

பஸ்ஸில் திரும்பும்போது மேல்மிலியா தெருவில் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் நேரே பின்பக்கம் போய், இருபது வருடமாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத அந்தக் குட்டை மரத்துக்கு வாளி வாளியாக ஊற்றினார், எருப் போட்டார். கண் படக்கூடாது என்று த்தூ, த்தூ, த்தூ என்று மூன்று முறை துப்பினார். ரொம்ப வளர்ந்துவிடாதே, கட்டைவிரலாகவே இரு என்று அதனிடம் சொன்னதையும் என் காதால் கேட்டேன்.

"அப்ப டிராக்டரு?"

"எந்த டிராக்டரு? பொழச்சுப் போகட்டும்டி கோயிலு."

"அமைச்சகத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிரு."

"அது எதுக்கு? பயந்துக்கிட்டு இருக்கட்டும்."

அந்த நிமிடமே நான் போனை எடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் நிம்மதியில் இருந்தேன். பஸ் வரும், கடை நிற்கும், போதும் என்று ஆட்டுக்குட்டிகளுக்கு எலுமிச்சையும் பூண்டும் தடவப் போய்விட்டேன்.

திறப்புவிழா அன்று யாரும் எதையும் மறிக்கவில்லை. துணை அமைச்சர் வந்தார். தூண்களுக்கு நடுவில் நின்று பேசினார். ஒரு பக்கம் மேல்மிலியா, ஒரு பக்கம் நாங்கள்.

"இரண்டு ஊர்த் தலைவர்களும் எங்களிடம் மனம் திறந்து பேசினீர்கள்," என்றார். "உங்கள் சாலையை மறிக்கிற அளவுக்கு உங்களுக்கு வருத்தம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். இனி அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். மலையின் பின்பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் புதிய சாலை வருகிறது. எந்த ஊருக்கும் தொந்தரவு இருக்காது."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பழக்க தோஷத்தில் கைதட்டினோம். அப்புறம் ஒவ்வொரு கையாக நின்றது. லிகூர்கோஸும் சராந்திஸும் பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். துணை அமைச்சர் கீழே வந்து என் கடையில் ஆட்டுக்கறியை இரண்டு தட்டுச் சாப்பிட்டார். இவ்வளவு மிருதுவான கறி சாப்பிட்டதே இல்லை என்றார். அவர் தட்டை நான்தான் எடுத்தேன். அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

அடுத்த வாரம் இரண்டு தலைவர்களும் ஒரே காரில் ஏதென்ஸுக்குப் போனார்கள். மரத்தை வெட்டுகிறோம், தூணையும் இறக்க வேண்டாம், பஸ்ஸை மட்டும் எங்கள் வழியாக விடுங்கள் என்று கெஞ்சினார்களாம். அங்கே இருந்த அதிகாரி, எல்லாம் கையெழுத்தாகிவிட்டது என்று கையை விரித்துவிட்டார். இருவர் மூஞ்சிக்கும் நேராக.

எங்கள் குடிநீர்க் குழாய்க்கு மனுக் கொடுத்து எங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், குழாய் இன்னும் வரவில்லை. அந்தச் சாலை ஒரே குளிர்காலத்தில் முடிந்துவிட்டது. இப்போது பஸ்கள் மலையின் பின்பக்கமாக ஏறிப்போய், உச்சியிலேயே நிற்கின்றன. அங்கேயே கழிப்பறை, அங்கேயே காபி, பிளாஸ்டிக்கில் சுற்றிய ரொட்டி. என் கடையில் பாதி மேசைகளை மடித்து வைத்துவிட்டேன். மீதி மேசைகளில் லிகூர்கோஸும் சராந்திஸும் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். காசு கொடுக்காத வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். பகையாக இருந்தபோது ஒருவர்தான்.

காலையில் பஸ் வந்ததும் பயணிகள் கயிற்றோரம் வரிசையாக நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. கீழே ஒரு அழகான ஊர், சிவப்புக் கூரைகள், ஐந்து சைப்ரஸ் மரங்கள். பார்த்ததும் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்குவதில்லை. தூண்களுக்கு நடுவில் நின்று, எங்களைப் பார்த்து, கையை முழுசாக விரித்து விரித்து ஆட்டுகிறார்கள்.

நேற்று லிகூர்கோஸைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

"மேல பாருய்யா. எண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மலை நிறைய விரித்த கைகள். சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே தலை குனிந்துகொண்டார்.

"சும்மா கையாட்டறாங்கடி," என்றார்.